யாக்கோபின் கிணற்றடியில்

எமது கல்லூரியில் படித்த எவருக்கும் யோவான் எழுதிய சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரம் புதியதன்று. சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து அந்தக் கதையைக் கேட்டோம். நடுப்பகல் வேளை, ஊருக்கு வெளியே ஒரு கிணறு, நடந்து களைத்த ஒருவர் அதனருகே அமர்ந்திருக்கிறார், குடத்துடன் ஒரு பெண் தனியே வருகிறாள், குடிக்கத் தண்ணீர் தரும்படி அவர் அவளிடம் கேட்கிறார்.

இந்தக் காட்சியை எங்களுக்கு விளக்க ஆசிரியைக்குப் படம் எதுவும் தேவைப்படவில்லை. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டுப் பிள்ளைகள் நாங்கள். துலாவும் பட்டையும், பின்னர் கப்பியும் வாளியும், கிணற்றடி வாழையும் கமுகும் எங்கள் வீடுகளின் பகுதிகள். எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எந்தக் கிணறு உவர் என்பது எழுத்தறியு முன்பே எங்களுக்குத் தெரியும். ஆகவே அந்தக் கதை எங்களுக்கு எளிதாக விளங்கியது என்றே நினைத்திருந்தோம். அதில் விளங்காதது எவ்வளவு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தோம். கிறிஸ்தவ சமயத்தில் நீர் எவ்வாறு மீட்பின் அடையாளமாயிற்று என்ற வரலாற்றை இந்த நூற்றாண்டு மலரில் நாம் எழுத முற்படுவதற்கு அந்த உணர்வே காரணம்.

முதலில் அந்த நாட்டைப் பார்ப்போம். பாலஸ்தீனத்தில் மழை பெரும்பாலும் ஐப்பசி பிற்பகுதியிலிருந்து பங்குனி, சித்திரை வரையில்தான் பெய்யும். எஞ்சிய மாதங்கள் வறண்டவை. ஆகவே அங்குள்ள மக்கள் பாறையைக் குடைந்து, உட்புறம் சுண்ணச்சாந்து பூசி, கூரையிலும் முற்றத்திலும் விழும் மழைநீரைத் தேக்கி வைத்தார்கள். அந்தத் தொட்டி நீர் நாளடைவில் கலங்கும். சாந்து வெடித்தால் ஒரே கோடையில் ஒழுகிப்போகும். இதற்கு மாறாக நிலத்தடியிலிருந்து தானாகப் பொங்கி ஓடும் ஊற்றுநீரை எபிரேய மொழியில் ‘உயிருள்ள நீர்’ என்றே அழைத்தார்கள். அது முதலில் சமயச் சொல் அன்று. நீரின் தரத்தைக் குறித்த அன்றாடச் சொல். யூதச் சமயச் சட்டம் சில சுத்திகரிப்புச் சடங்குகளுக்கு இந்த ஓடும் நீரையே கேட்டது.

எரேமியா தீர்க்கதரிசி இந்த வேறுபாட்டை எடுத்துத் தம் மக்களைக் கண்டித்தார். உயிருள்ள ஊற்றான கடவுளை விட்டுவிட்டு, நீர் தங்காத வெடித்த தொட்டிகளை வெட்டிக்கொண்டார்கள் என்பது அவர் சொன்ன குற்றம். எருசலேம் நகரத்தார்க்கு இது நன்றாக உறைத்திருக்கும். அந்நகரின் நிலையான நீர் கீகோன் என்னும் ஓர் ஊற்றிலிருந்தே வந்தது. அந்நீரைச் சீலோவாம் குளத்துக்குக் கொண்டுவர, கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் எசேக்கியா அரசன் காலத்தில், பாறையினூடே 533 மீற்றர் நீளச் சுரங்கம் வெட்டப்பட்டது. கூடாரப் பண்டிகையின் நாட்களில் குருமார் அந்தக் குளத்திலிருந்து பொற்குடத்தில் நீர் மொண்டு வந்து ஆலயப் பலிபீடத்தில் ஊற்றுவார்கள். கோடை முடிந்து மழைக்காக வானத்தைப் பார்த்திருக்கும் காலம் அது. அந்தப் பண்டிகையின் கடைசி நாளிலேதான் இயேசு எழுந்து நின்று, தாகமுள்ளவர்கள் தம்மிடம் வந்து பருகலாம் என்று உரத்துச் சொன்னதாக யோவான் எழுதுகிறார். கேட்டவர்கள் அனைவரும் தாகம் என்னவென்று உடம்பால் அறிந்தவர்கள்.

இனி யாக்கோபின் கிணறு. அது இன்றும் இருக்கிறது. நப்லஸ் நகரின் அருகே, பலாத்தா என்னும் இடத்தில், கிரேக்க ஒர்தொடொக்ஸ் ஆலயம் ஒன்றினுள்ளே அதைக் காணலாம். ஏறக்குறைய 40 மீற்றர் ஆழமானது. எங்கள் ஊரின் ஆழமான கிணறுகளுக்குப் பக்கத்திலே வைத்தாலும் அது பாதாளம்தான். கயிறும் பாத்திரமும் இல்லாமல் வந்து அமர்ந்தவரைப் பார்த்து, கிணறு ஆழம், மொள்ள உம்மிடம் எதுவும் இல்லையே என்று அந்தப் பெண் சொன்னது வீண் பேச்சன்று. நீர் அள்ளிப் பழகியவளின் கேள்வி அது.

கிரேக்க மூலத்தில் ஒரு நுட்பம் உண்டு. அந்தக் கிணற்றைக் குறிக்க யோவான் இரண்டு சொற்களை வழங்குகிறார். ஒன்று ஊற்று; மற்றது தோண்டப்பட்ட கிணறு. அந்தப் பெண்ணின் வாயில் வருவது தோண்டிய கிணறு. இயேசு தாம் தரும் நீரைப் பற்றிச் சொல்லும்போது வருவது ஊற்று. அது பருகியவருக்குள்ளே ஊறிப் பொங்கும் என்கிறார். தினமும் சுமக்க வேண்டிய நீரை அவள் நினைக்கிறாள்; சுமக்க வேண்டாத நீரை அவர் சொல்கிறார். அப்படியானால் அந்தத் தண்ணீரை எனக்குத் தாரும், இனி இங்கே வந்து மொள்ளத் தேவையில்லையே என்று அவள் கேட்டதில், குடம் சுமந்து இடுப்பு நொந்த பெண்கள் அனைவரின் குரலும் இருக்கிறது.

கதையின் நடு முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. யூதரும் சமாரியரும் ஒரே முன்னோரையும் ஒரே தோராவையும் கொண்டாடியவர்கள். ஆனால் ஒருவரையொருவர் வெறுத்தவர்கள். கெரிசீம் மலையில் இருந்த சமாரியர் ஆலயத்தை கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் யூத ஆட்சியாளன் யோவான் ஹிர்க்கானு இடித்தான். அந்தப் பகை ஆறவில்லை. யூதர் சமாரியரோடு கலப்பதில்லை என்று யோவான் அடைப்புக்குறி போட்டதுபோல ஒரு குறிப்பைத் தருகிறார். அந்த இடத்தில் உள்ள கிரேக்க வினைச்சொல், ‘சேர்ந்து பயன்படுத்துதல்’ என்றும் பொருள் தரக்கூடியது. அவர்கள் பாத்திரத்தை இவர்கள் பயன்படுத்துவதில்லை என்றே அது பொருள்படும் என்று டேவிட் டோப் என்ற அறிஞர் 1950இல் எடுத்துக் காட்டினார். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, சமாரியப் பெண்கள் தொட்டிலில் கிடக்கும் நாளிலிருந்தே மாதவிலக்குத் தீட்டு உடையவர்களாகக் கருதப்படுவர் என்று சொல்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், பிறந்த நாள் முதலே துடக்கு.

இதை அறிந்தபின் கதை வேறாகிறது. கிணற்றடியில் இருந்தவர் அவளுக்குப் போதனை செய்வதற்கு முன், அவளைக் கழுவுவதற்கு முன், அவளுடைய குடத்திலிருந்து குடிக்கக் கேட்டார். தீட்டு என்று உலகம் ஒதுக்கிய பாத்திரத்தில் வாய் வைக்க ஆயத்தமாக இருந்தார். மீட்பைப் பற்றிய பேச்சு முழுவதும் அதன் பிறகே வருகிறது. அவள் குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு ஊருக்கு ஓடினாள் என்று யோவான் எழுதுகிறார். குடத்தை விட்டுவிட்டு வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் ஏன் விட்டுச் சென்றாள் என்பதற்கு உரையாசிரியர்கள் பல காரணம் சொல்வார்கள். கேட்டவர் இன்னும் குடிக்கவில்லையே, அவர் குடிக்கட்டும் என்று விட்டிருக்கலாம் என்று எண்ண எங்களுக்கு விருப்பம்.

திருச்சபை வளர்ந்தபோது நீர் மூன்று பொருள்களைத் தாங்கியது. ஒன்று கழுவுதல். இரண்டாவது பிறப்பும் இறப்பும்: நீராலும் ஆவியாலும் மறுபடி பிறத்தல் என்று நிக்கொதேமுவுக்குச் சொல்லப்பட்டது, நீரில் அமிழ்தல் கிறிஸ்துவோடு அடக்கம் பண்ணப்படுதல் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். மூன்றாவது தாகம் தீர்தல். இந்த மூன்றும் ஞானஸ்நானம், திருமுழுக்கு என்று நாம் வழங்கும் சடங்கிலே ஒன்றாயின.

முதற்காலக் கிறிஸ்தவர்கள் இதில் வியக்கத்தக்க அளவு இளகிய மனத்துடன் இருந்தார்கள். ‘திதாக்கே’ என்னும் சிறுநூல் 1ஆம் நூற்றாண்டின் இறுதியை அல்லது 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததென்பர். அதன் கையெழுத்துப் படி 1873இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கண்டெடுக்கப்பட்டது. உயிருள்ள, அதாவது ஓடும், நீரிலே முழுக்குக் கொடுங்கள் என்று அது சொல்கிறது. அது இல்லையேல் வேறு நீர். குளிர்ந்த நீர் ஆகாதவர்க்கு வெந்நீர். எதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும். நீர் குறைந்த ஊரார் தள்ளப்படவில்லை.

யூப்பிரத்தீசு ஆற்றங்கரையில், இன்றைய சிரியாவில், தூரா எயுரோப்போஸ் என்ற பட்டணம் இருந்தது. அங்கே ஒரு சாதாரண வீட்டைக் கிறிஸ்தவர்கள் கி.பி. 240 அளவில் ஆலயமாக மாற்றினார்கள். 256இல் பாரசீகர் முற்றுகையிட்டபோது, மதிலைப் பலப்படுத்தக் கொட்டிய மண்ணுக்குள் அந்த வீடு புதைந்து, அதனாலேயே தப்பியது. 1930களின் தொடக்கத்தில் அதைத் தோண்டியெடுத்தபோது, முழுக்குத் தொட்டி இருந்த அறையின் சுவர்களில் ஓவியங்கள் கிடைத்தன. இவை இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்கு உரியவை. அவற்றிலொன்று, கிணற்றின்மேல் குனிந்து கயிறு பிடித்து நீர் இறைக்கும் ஒரு பெண். அவளைச் சமாரியப் பெண் என்றே நெடுங்காலம் கொண்டனர். தேவதூதனின் செய்தி கேட்ட மரியாளாக இருக்கலாம் என்று அண்மைக்கால ஆய்வாளர் சிலர் சொல்கின்றனர். யாராயினும், இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய முழுக்கு அறையின் சுவரில் நீர் மொள்ளும் பெண்ணொருத்தி நிற்கிறாள்.

அதே 3ஆம் நூற்றாண்டுச் சிரியாவில் எழுந்த ‘திதஸ்காலியா’ என்னும் நூல், முழுக்குப் பெறும் பெண்களுக்கு எண்ணெய் பூசவும், அவர்கள் நீரிலிருந்து எழுந்தபின் கற்பிக்கவும் பெண் திருத்தொண்டர்களை நியமிக்கும்படி சொல்கிறது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்ற பெண் மேற்கிலிருந்து எருசலேமுக்கு யாத்திரை வந்து, முழுக்குக்கு ஆயத்தமாகிறவர்கள் தவக்காலத்தில் எவ்வாறு நாளாந்தம் கற்பிக்கப்பட்டார்கள் என்பதை ஊரிலிருந்த தன் சகோதரிகளுக்கு எழுதினாள். ஆயர் கிரேக்கத்தில் பேச, சிரிய மொழி மட்டும் அறிந்தவர்க்கு ஒருவர் மொழிபெயர்த்தார் என்றும், இலத்தீன் மட்டும் அறிந்தவர்க்கும் விளக்குவோர் இருந்தனர் என்றும் அவள் குறிக்கிறாள். தூர தேசத்திலிருந்து சகோதரிகளுக்கு எழுதும் வழக்கம் நமக்கும் அந்நியமானதன்று. அதே காலத்தில் பவுலா என்ற உரோமைச் சீமாட்டி யாக்கோபின் கிணற்றைச் சூழக் கட்டப்பட்டிருந்த ஆலயத்தைத் தரிசித்ததை ஜெரோம் எழுதி வைத்திருக்கிறார்.

சுவிசேஷம் பெயர் சொல்லாத அந்தச் சமாரியப் பெண்ணுக்குக் கீழைத் திருச்சபை பின்னர் ஒரு பெயர் கொடுத்தது. ‘போத்தினி’ என்றால் ஒளி பெற்றவள். உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து வரும் ஞாயிறுகளில் ஒன்று இன்றும் அவளுக்கு உரியது.

இந்தக் கதை தமிழுக்கு வந்த வழியும் நீண்டது. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார்; அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715 அளவில் அங்கே அச்சாகி முடிந்தது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். அந்தப் பதிப்பு 1850இல் வெளிவந்தது. சைவத்தின் காவலராக நாம் போற்றும் ஒருவரின் தமிழும் அந்த வசனங்களில் ஓடியது. ‘ஜீவத்தண்ணீர்’ என்ற சொல் கிறிஸ்தவர்கள் நாவில் நிலைபெற்றது. நீரிலே அருள் உண்டு என்பது எங்கள் ஊராருக்குப் புதுமையாக இருக்கவில்லை. மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகம் நீங்கியது கீரிமலைத் தீர்த்தத்தில் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த சைவப் பிள்ளைகள், ஞானஸ்நானத்தைப் புரிந்துகொள்ளச் சிரமப்படவில்லை.

சிரமம் பாத்திரத்தில் இருந்தது.

அமெரிக்க மிஷனார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து விடுதிப் பாடசாலைகள் தொடங்கியபோது, மிஷன் வளவில் உண்பதால் சாதி கெடும் என்ற பயமே பெற்றோரின் முதற் தடையாயிற்று. தென்னிந்தியாவிலோ முழுக்குப் பெற்றவர்களிடையேயே சாதி வரிசை நீடித்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டானியல் வில்சன், ஆலயத்தில் அமர்வதிலும் திருவிருந்துக்கு வருவதிலும் சாதி வேறுபாடு கூடாது என்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஒரே நீரில் முழுகியவர்கள் ஒரே கிண்ணத்தில் பருகத் தயங்கினார்கள். இங்கே 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சமாசனம், சமபோசனம் என்ற கோரிக்கைகள் பாடசாலைகளைக் கலக்கின. பிள்ளைகளை வாங்கில் ஒன்றாக இருத்தியதற்காகக் கொட்டில்கள் எரிக்கப்பட்ட ஊர் எங்களுடையது. 1960களின் பிற்பகுதியில்கூடத் தேநீர்க்கடைகளில் ஒரே பாத்திரத்தில் குடிக்கும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. மற்றவர்களுக்குப் பேணி, அவர்களுக்குச் சிரட்டையோ போத்தலோ.

இதை நாம் தூரத்து வரலாறாக எழுதிவிட்டுப் போக முடியாது. விடுதியில் இருந்த எங்களுக்கு ஒரு காட்சி நினைவில் உண்டு. சாப்பாட்டு அறை விறாந்தையில் மண்பானையும் அதன்மேல் ஒரு பேணியும் இருக்கும். நாங்கள் எல்லாரும், சைவரும் வேதக்காரரும், அந்தப் பேணியாலேயே குடித்தோம். அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. வளவு கூட்டும் அம்மா வெயிலேறித் தண்ணீர் கேட்டு வந்தால், பேணியை எவரும் அவர் கையில் கொடுப்பதில்லை. அவர் விறாந்தைக்குக் கீழே நின்று இரு கைகளையும் குவித்துப் பிடிப்பார். மேலே நின்று ஒருவர் ஊற்றுவார். எங்களில் சிலரும் ஊற்றியிருக்கிறோம். தண்ணீர் விரல்களுக்கிடையே ஒழுகி மண்ணில் போகும். போதும் என்று தலையை அசைத்துவிட்டு அவர் போவார். அந்த ஆண்டுதான் நாங்கள் பரீட்சைக்காக யோவான் நான்காம் அதிகாரத்தை மனனம் செய்தோம். முழுப் புள்ளிகளும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து யோசித்தவள் ஒருத்தியும் இல்லை.

எவரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அப்போது பெரியவர்களும் வேறு விதமாக அறியவில்லை என்று சொல்லித் தப்பவும் விரும்பவில்லை. அறிவதற்குரிய புத்தகம் எல்லார் கையிலும் இருந்தது. நீரைக் கழுவும் பொருளாக மட்டும் படித்தோம். அப்படிப் படித்தால், கழுவப்பட வேண்டியவர் எப்போதும் வேறொருவராகவே இருப்பார். மீட்பர் முதலில் தாகத்தோடு வந்தார், தாழ்ந்தவள் எனப்பட்டவளிடம் கையேந்தினார் என்பதைப் படிக்கத் தவறினோம். அதே யோவான், சிலுவையில் அவர் தாகமாயிருக்கிறது என்று சொன்னதையும் எழுதியிருக்கிறார். சீடர் என்பதற்காக ஒருவருக்குக் கொடுக்கப்படும் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீருக்கும் பலன் உண்டு என்று மத்தேயு எழுதுகிறார். கிண்ணம் என்று அங்கே தெளிவாகவே இருக்கிறது.

இன்று எமது மாணவிகள் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் குழாயைத் திருகித் தண்ணீர் குடிக்கிறார்கள். ஊரில் துலாக்கள் மறைந்துவிட்டன. சுண்ணாம்புக் கற்பாறையின் இடுக்குகளில், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே குடாநாட்டின் குடிநீர். மழை நிறைப்பதைவிட மிகுதியாக இயந்திரத்தால் இறைத்தால், கீழிருக்கும் உவர் மேலேறும். எத்தனையோ நல்ல கிணறுகள் அப்படிக் கெட்டுவிட்டன. ஒருவர் வளவில் அளவின்றி இறைத்தால் அயலவர் கிணறும் கெடும். நிலத்தின் கீழே நீருக்கு வேலி இல்லை.

கல்லூரி விறாந்தையில் இப்போது பானை இல்லை. ஆனால் நூறாண்டு மலரில் அதிபர்களின் பெயர்களும் ஆசிரியைகளின் பெயர்களும் பரிசு பெற்ற மாணவிகளின் பெயர்களும் வரிசையாக அச்சாகின்றன. அந்த வளவு கூட்டிய அம்மாவின் பெயர் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. அவரை எல்லாரும் எதுவோ சொல்லிக் கூப்பிட்டோம். அது அவருடைய பெயரல்ல. திருச்சபை தான் பெயர் அறியாத ஒரு பெண்ணுக்கு ஒரு பெயரைத் தேடிக் கொடுத்தது. நாங்கள் பெயர் கொடுக்கத் தேவையில்லை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை அறிந்த பழைய மாணவி எவராவது, எந்த நாட்டில் இருந்தாலும், சங்கத்துக்கு எழுதி அறியத்தரும்படி வேண்டுகிறோம். அடுத்த மலரில் அதுவும் அச்சாகட்டும்.